ஜமால் முகம்மதின் ஒன்பது படங்கள்

ஆசைக்குப் படம் பிடிப்பவர்களுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் என் கடைக்கு வந்து கேட்பது வழக்கம். முகத்தில் பரு தெரிகிறது, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருக்கிறது, இதையெல்லாம் எடுக்க எதை வாங்கலாம் என்பார்கள். மெட்ராஸில் காற்றால் மை பீய்ச்சுகிற பேனாகூட விற்கிறார்கள். அதை ஆசையாக வாங்கிப் போனவர்கள் இரண்டாவது வாரம் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்கள். நான் சொல்வது மூன்றே சாமான்கள்தான். நன்றாகச் சீவிய பென்சில், பாதியாக உடைத்த சவர பிளேடு, பூஜ்யம் நம்பர் பிரஷ். இந்த மூன்றும் கைக்குப் பழகிவிட்டால் எந்த முகத்தையும் சரிசெய்துவிடலாம்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று என் ஸ்டுடியோவில் உங்கள் ஆட்கள் தேடியது ஏதோ ஒரு இயந்திரத்தை என்று நினைக்கிறேன். சுவரைக்கூடத் தட்டிப் பார்த்தார்கள். "எதை வெச்சு பண்ணினே?" என்றுதான் நீங்களும் முதலில் கேட்டீர்கள். ஏன் பண்ணினே என்று பிறகுதான் கேட்டீர்கள். அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஜன்னல் ஓரத்தில் கண்ணாடி பதித்த சாய்வு மேஜை ஒன்று இருக்கிறதே, அதன் இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் இருப்பதுதான் எல்லாம்.

என் பெயர் ஞானதாஸ். வயது முப்பத்தெட்டு. பழவேற்காடு பஜாரில் எழுபத்து நாலிலிருந்து ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜமால் முகம்மது என்னோடு எட்டாவது வரை படித்தவன். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே சட்டை அளவு. பெருநாளைக்கு அவன் தைத்த சட்டையை நான் கிறிஸ்துமஸுக்குப் போட்டிருக்கிறேன். அவனுடைய தகப்பனார் முகம்மது இஸ்மாயில், பழைய வியாபாரக் குடும்பம். வியாபாரம் போய்ப் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. தெருவில் எல்லோரும் இஸ்மாயில் பாய் என்பார்கள், நானும் அப்படித்தான்.

எழுபத்தாறில் ஜமாலுக்கும் பரீதாவுக்கும் நிக்காஹ் நடந்தது. படம் பிடித்தது நான். பெண்கள் இருந்த உள் அறைக்கு ஒரு படத்துக்காக மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். அவள் முக்காட்டைச் சற்று விலக்கினாள். ஒரே ஒரு தடவை ஷட்டரை அழுத்தினேன். அன்று சாயங்காலம் நெகடிவ்களை மேஜையில் வைத்துப் பார்த்தபோது ஜமாலின் முகத்தில் வேலை இருந்தது. இடது உதட்டோரம் ஒரு மச்சம். வலது புருவத்தில் சின்ன வயதில் படகு முனை கிழித்த வெட்டு, அங்கே முடி இல்லை. "மச்சம் இருக்கட்டும், அது அதிர்ஷ்டம்" என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். அதனால் இரண்டையும் விட்டுவிட்டு, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் பென்சில் ஓட்டினேன். பரீதாவின் நெகடிவில் பென்சில் வைக்க இடமே இல்லை. நான் தொழில்காரன், அதனால் சொல்கிறேன். எத்தனையோ ஆயிரம் முகம் பார்த்தாயிற்று, அப்படி ஒன்று வந்ததில்லை.

எழுபத்தெட்டு பிப்ரவரியில் ஜமால் மஸ்கட்டுக்குக் கிளம்பினான். பம்பாய் போய் அங்கிருந்து விமானம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தது நான்தான். பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டு, தெருவே வந்து வழியனுப்பியது. அதையும் ஒரு குரூப் படமாக எடுத்தேன். ஆக, ஜமாலின் நெகடிவ் என்று என்னிடம் இருந்தது நான்கு. கல்யாணத்தில் இரண்டு, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, வழியனுப்பியது ஒன்று.

ஏப்ரல் கடைசியில் ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டபிள் வந்தார். அவர் திருச்சிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சுண்ணாம்புக்குளம் பக்கம் ஏரியில் ஒரு பிணம், வலைக்கழியில் மாட்டிக்கொண்டிருந்ததை முனியன் என்கிற மீனவர் பார்த்துச் சொன்னார், அடையாளம் தெரியவில்லை, படம் வேண்டும் என்றார். அந்த மாதிரி படங்கள் நான் எடுப்பது உண்டு. படகில் போனோம். காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில், படம் எடுக்க வசதியான வெளிச்சம்.

மூன்று நாள் தண்ணீரில் இருந்த உடம்பு. லுங்கி மட்டும் இருந்தது. முகம் ஊதி, தாடி மண்டி, பார்த்தவர்களுக்கு அது யாராகவும் இருக்கலாம். அங்கே நின்ற நாலைந்து பேரும் சுண்ணாம்புக்குளத்து ஆட்கள், பழவேற்காட்டு முகங்கள் அவர்களுக்குப் பழக்கமில்லை. நான் கேமராவை நேராக்கிக் குனிந்தேன். உதட்டோரம் மச்சம் இருந்தது. புருவத்தில் வெட்டு இருந்தது. நான் இரண்டு படம் எடுத்தேன், ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில்.

"தெரிஞ்ச ஆளா?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

உடம்பைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். நான் கடைக்கு வந்து பிலிமைக் கழுவினேன். காய்ந்ததும் மேஜையில் வைத்தேன். ஐயா, இது உங்களுக்கு விளங்கவேண்டும். நெகடிவில் எல்லாம் தலைகீழ். படத்தில் கறுப்பாக வருவது நெகடிவில் வெளுப்பாக இருக்கும். மச்சம் என்பது நெகடிவில் ஒரு வெளிச்சப் புள்ளி. அதை மூடப் பென்சில் போதும். புருவத்தில் முடியில்லாத இடம் நெகடிவில் கறுப்பு. அதைப் பிளேடு முனையால் மெல்லச் சுரண்டினால் படத்தில் முடி முளைத்துவிடும். இரண்டு நெகடிவுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை. கை நடுங்கியதா என்று உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். நடுங்கினால் பிளேடு பிலிமைக் கிழித்துவிடும். கிழியவில்லை.

ஏன் என்று கேட்டால், அந்த நிமிஷம் நான் நினைத்தது இஸ்மாயில் பாயைத்தான். அவருக்கு இருதயம் சரியில்லை. மகன் மஸ்கட்டில் இருக்கிறான் என்று பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையில் இப்படி ஒரு படத்தைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்காரர்கள் மனம் நோகாமல் படம் கொடுப்பதுதானே என் தொழில்.

படத்தை ஸ்டேஷன் சுவரிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டினார்கள். சுன்னத் அடையாளம் இருந்ததால் பொன்னேரியில் முஸ்லிம்களே அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் நான் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இஸ்மாயில் பாய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டார்.

"தாஸு, இது நீ எடுத்ததா?"

"ஆமாம் பாய்."

"நம்ம ஆளுங்கன்னு சொன்னாங்க. இந்தப் புள்ள மூஞ்சி எங்கியோ பாத்தா மாதிரி கீதுப்பா."

"தண்ணியில ஊறினா எல்லா மூஞ்சியும் பாத்தா மாதிரிதான் இருக்கும் பாய்."

அவர் தலையாட்டினார். "பெத்தவங்க எங்க ஒக்காந்துகினு இன்னா பண்ணிக்கினு கீறாங்களோ" என்றார். படத்துக்கு முன் நின்று கையேந்தி துஆ செய்தார். பிறகு மீன் வாங்கப் போனார். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் முக்காட்டுப் போர்வைக்குள் பரீதா நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது என்று சொன்னாள். அவள் அப்போது உண்டாகியிருந்தாள்.

அந்த அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. கைருன் என்று பெயர் வைத்தார்கள். தகப்பனுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்று வீட்டில் தவிப்பு. ஜமாலிடமிருந்து ஒரு வரி இல்லை. பரீதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இஸ்மாயில் பாயோடு கடைக்கு வந்தாள். குழந்தையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றாள். எடுத்தேன். குழந்தை நன்றாக ஒத்துழைத்தது. போகும்போது அவள், "அவருக்கு எதுனா ஆயிருக்குமா அண்ணே?" என்று கேட்டாள். என்னை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

அதற்குத்தான் முதல் படம் செய்தேன்.

செய்கிற முறை எளிது. மணல்மேட்டுக்குப் போய்க் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, தானாக விழுகிற விசையை முடுக்கிவிட்டு, நானே போய் நின்றேன். பழவேற்காட்டு மணல்தான். மணலைப் பார்த்து ஊர் சொல்ல யாராலும் முடியாது. அப்புறம் பாஸ்போர்ட் நெகடிவிலிருந்து ஜமாலின் தலையை அதே அளவில் பிரிண்ட் போட்டு, கத்தரியால் வெட்டி, விளிம்பைப் பின்பக்கம் உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, என் கழுத்துக்கு மேல் ஒட்டினேன். பிரஷ்ஷால் கழுத்து நிழலைச் சேர்த்தேன். பத்திரிகையிலிருந்து ஒரு ரோடு ரோலரை வெட்டிப் பின்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஒரு படம் எடுத்துவிட்டால் ஒட்டு எதுவும் தெரியாது. முதன்முதலில் செய்கிறவர்கள் கழுத்தில்தான் கோட்டை விடுவார்கள். காலர் போட்ட சட்டையில் எடுத்தால் அந்தக் கஷ்டமும் இல்லை.

மஸ்கட்டுக்கு உள்ளே பாலைவனத்தில் ரோடு போடுகிற வேலை, தபால் வசதி இல்லை, ஊருக்கு வருகிறவர்களிடம் பிலிமைக் கொடுத்துவிடுகிறான், மெட்ராஸில் ஒரு பிலிம் கடையில் அது எனக்கு வந்து சேருகிறது என்று சொன்னேன். அவன் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியதைப் படத்தின் பின்னால் நானே எழுதினேன். நம்பாமல் இருக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை பர்மா பஜாருக்குப் போய் ஒரு செண்டு பாட்டில், துணி, டார்ச் லைட், குழந்தைக்குப் பால் பவுடர் டின் என்று வாங்கி வந்து, அவன் கொடுத்தனுப்பியதாகக் கொடுத்தேன்.

முதல் படத்தைப் பரீதா கையில் வாங்கினாள். முக்காட்டின் ஓரத்தால் படத்தைத் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இல்லை. "இளைச்சுட்டாரு" என்றாள். அது என் உடம்பு. அந்த வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது.

டிசம்பர் தோறும் ஒரு படம் என்று வழக்கமாகிவிட்டது. அவள் நவம்பரிலேயே மாமனாரோடு வந்து விசாரிக்க ஆரம்பிப்பாள். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவாள். கண்ணாடி அலமாரிப் பக்கத்து ஸ்டூலில் உட்காருவாள். குழந்தை நடந்தது, பேசியது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் என்னிடம் சொல்வாள், அவனிடம் சொல்லி அனுப்ப. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது. வருஷம் ஆக ஆக ஜமாலுக்கும் வயது ஆக வேண்டுமே, அதனால் காதோரம் லேசாக நரை சேர்த்தேன், நெற்றியில் ஒரு கோடு. பேராசைப்பட்டு ஒரே வருஷத்தில் கிழவனாக்கிவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்யவேண்டும்.

எண்பத்திரண்டில் ஒரு சிக்கல் வந்தது. பரீதாவின் மாமன் மகன் அப்துல் ஹை, இறால் வாங்கி மெட்ராஸுக்கு அனுப்புகிறவர். மனைவி தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாலு வருஷமாக வராத புருஷனுக்காக ஒரு பெண் இப்படிக் காத்திருப்பது நியாயமா என்று அவர் ஜமாத்தில் கேட்டார். அவளை அவருக்கு மறுபடி நிக்காஹ் செய்துவைக்க இஸ்மாயில் பாயே இசைந்துவிட்டார். என் கடைக்கு வந்து, "தாஸு, எம் மவன்தான், ஆனா நியாயம்னு ஒண்ணு கீதே. இந்தப் பொண்ணு வயசு இன்னா? பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டு ஒரு வழி பண்ணிடலாம்னு கீறோம்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜமாத் கூடுவதாக இருந்தது. அது ஆகஸ்ட் மாதம்.

அந்த வருஷத்துப் படத்தை நான் டிசம்பர்வரை வைத்திருக்கவில்லை. புதன்கிழமையே கொடுத்துவிட்டேன். அதில் ஜமால் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் குழந்தை கைருனின் படத்தைப் பிடித்திருந்தான். அதுதான் நான் செய்தவற்றிலேயே நல்ல வேலை. ஒரு படத்துக்குள் இன்னொரு படத்தை வைத்து, இரண்டுக்கும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிற மாதிரி செய்வது லேசான காரியம் இல்லை. பின்னால், "அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன், பொறுத்துக்கொள்" என்று எழுதியிருந்தேன்.

ஜமாத் கூடவில்லை. அப்துல் ஹை என் கடை வழியாகப் போவதை நிறுத்திவிட்டார். பரீதா சொன்னாளாம், "உசுரோட கீறவரை நான் எப்படி மவுத்தாக்கறது" என்று. அதை இஸ்மாயில் பாய்தான் என்னிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். நான் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அவர் தவறிவிட்டார். கடைசி வாரம் என்னை வரச்சொல்லி, "வருவானா?" என்று கேட்டார். வருவான் பாய் என்றேன். அந்தச் சிரித்த படம் தலையணைக்குக் கீழே இருந்தது. அவர் நிம்மதியாகப் போனார். மருமகள் பக்கத்தில் இருந்தாள், தெருவில் எல்லோருக்கும் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் எழுபத்தெட்டிலேயே போயிருப்பார். ஐந்து வருஷம் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான்.

எண்பத்து நாலு நவம்பரில் புயல். உங்களுக்கும் நினைவிருக்கும். கடைக்குள் முழங்கால்வரை தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த நெகடிவ் பெட்டிகள் எல்லாம் ஊறிப்போயின. பிலிம்மேல் இருக்கிற பூச்சு தண்ணீரில் ஊறினால் பாலாடை மாதிரி உரிந்து வந்துவிடும். ஜமாலின் நான்கு நெகடிவில் மூன்று போய்விட்டன. பாஸ்போர்ட் நெகடிவில் மேல் பாதி தப்பியது. கண், புருவம், நெற்றி, முடி. மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை.

பரீதாவிடம் இருந்த படங்களைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்திருக்கலாம். கேட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் சந்தேகம் வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. கல்யாணப் படத்துக்கு ஒரு காப்பி போடவேண்டும் என்று சொன்னால் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை. டிசம்பர் வந்தது, அவளும் வந்துவிடுவாள். மூக்குக்குக் கீழே என் முகத்தைப் போட்டேன். உதட்டோரத்தில் பிரஷ்ஷால் மச்சம் வைத்தேன்.

அவள் அதைப் பார்த்து, "தெம்பா கீறாரு" என்றாள்.

எண்பத்தைந்தில் அந்தப் பாதி நெகடிவிலும் பூசணம் ஏறியது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை, புருவமும் முடியும் மட்டும் அவனுடையது. எண்பத்தாறில் அதுவும் கரைந்துவிட்டது. கேமராவுக்கு முன்னால் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். தலையை அவன் மாதிரி வலது பக்கம் வாரிக்கொண்டேன். புருவத்தில் வெட்டை நெகடிவிலேயே பென்சிலால் வைத்தேன். எட்டு வருஷத்துக்கு முன் சுரண்டி மூடிய அதே இடம். அந்தப் படத்தை முடிக்க ஒட்டுவேலை எதுவும் தேவைப்படவில்லை. ஒன்பது படங்களில் அதுதான் மிகச் சுலபமானது.

போன மாதம் பரீதா கைருனோடு வந்தாள். கைருனுக்கு எட்டு வயது. மாமனார் போன பிறகு மகளைத்தான் துணைக்குக் கூட்டிவருகிறாள். படத்தைக் கொடுத்தேன். பரீதா ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் புருவத்தைத் தொட்டாள்.

"மாறவே இல்ல அண்ணே" என்றாள்.

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என்ன மாதிரி என்று கேட்காதீர்கள், சொல்லத் தெரியவில்லை. கைருன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பயமோ ஆச்சரியமோ எதுவும் இல்லாமல் சாதாரணமாகச் சொன்னாள்.

"உம்மா, இது போட்டோ மாமா."

"சும்மா கெட."

"கண்ணாடி மட்டும் இல்ல. நீ பாரேன்."

பரீதா மகளை அதட்டவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அண்ணே, கண்ணாடியைக் கழட்டுங்க" என்றாள்.

கழற்றினேன். கழற்றினால் எனக்குத் தூரம் சரியாகத் தெரியாது, அதனால் அவள் முகம் எப்படி மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. "அவரு எங்க?" என்றாள். நான் கண்ணாடியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதை எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். அது சாட்சிப் பொருள் இல்லை என்றால் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

மறுநாள் அவள் அப்துல் ஹையோடு உங்களிடம் வந்தாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும். பழைய கோப்பிலிருந்து பிணத்தின் படத்தையும் நெகடிவையும் எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். பென்சில் தெரிந்திருக்கும். நான் அந்த நெகடிவைத் தூக்கிப் போட்டிருக்கலாம். தொழில்காரன் நெகடிவைத் தூக்கிப் போடுவதில்லை. அதைப் புயலுக்கு முன்பே ஸ்டேஷனில் கொடுத்துவிட்டதால் தண்ணீரிலிருந்து தப்பியது.

இப்போது நீங்கள் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பது, பம்பாய் போனவன் சுண்ணாம்புக்குளம் பக்கம் எப்படிப் பிணமாகக் கிடந்தான் என்று. நான் கொன்றேன் என்று உங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். இல்லை. நான் யார்மேலும் கை வைத்தது கிடையாது. அவன் தானாகத்தான் போனான்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடை மூடுகிற நேரம், வெளிச்சம் இன்னும் இருந்தது. பின்பக்கக் கதவைத் தட்டினான். தாடி விட்டிருந்தான். பம்பாயில் நாற்பது பேரை ஒரே அறையில் அடைத்து வைத்துவிட்டு ஏஜென்ட் ஓடிவிட்டானாம். மஸ்கட்டும் இல்லை, பாஸ்போர்ட்டும் போயிற்று. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக அவனுக்குத் தைரியம் இல்லை. டார்க் ரூமில் குந்தினான்.

"தாஸு, நீ போய் வாப்பாகிட்ட சொல்லு. நான் இங்கியே கீறேன். அவரு வந்து கூட்டிகினு போனா போறேன்."

நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். நடந்ததைத்தான் சொன்னேன். வழியனுப்பிய படத்தைப் பெரிதாகப் போட்டு, பிரேம் பண்ணி வீட்டு முகப்பில் மாட்டியிருக்கிறார்கள் என்றேன். பள்ளிவாசலில் அவன் வாப்பா எல்லோரிடமும் மகன் மஸ்கட்டில் இருக்கிறான் என்று சொல்கிறார் என்றேன். எல்லாம் உண்மை. ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

"பரீதா இன்னா சொல்லுது?"

"நல்லா கீது. தெருவுல இப்ப மதிக்கிறாங்கன்னு சொல்லிச்சு."

அதுவும் உண்மை, ஒரு நாள் சொன்னாள்.

அவன் தண்ணீரைக் குடித்து முடித்தான். பிறகு, "அப்போ நான் இன்னா மூஞ்சிய வெச்சிகினு போறது?" என்றான். அது உன் இஷ்டம் என்றேன். சட்டையைக் கழற்றி மடித்து ஸ்டூல்மேல் வைத்தான். வியர்க்கிறது, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்றான். ஏரிப் பக்கம் நடந்தான். நான் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்தச் சட்டை எனக்குச் சரியாக இருந்தது. முதல் படத்தில் போட்டிருப்பது அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். அதே செவ்வாய்க்கிழமை காலை பரீதா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். தமிழ் எழுத அவளுக்கு வராது. ஏஜென்ட் கொடுத்திருந்த பம்பாய் விலாசத்துக்கு, அங்கிருந்து மஸ்கட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். புள்ள உண்டாயிருக்குது, எனக்கு மஸ்கட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், எப்படி இருந்தாலும் கெளம்பி வந்துடுங்க என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒட்டி, விலாசமும் எழுதி வைத்திருந்தேன், மறுநாள் தபாலில் சேர்க்க. ஜமால் குந்தியிருந்தபோது அது என் சட்டைப் பையில் இருந்தது.

தனக்குக் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.